ஒன்பது மாதக் கரும்பு

ராசாங்கத்தின் கரும்புக்கு வயது ஒன்பது மாதம். ஐப்பசியில் ஒன்பது மாதம். மார்கழிப் பனியிலும் ஒன்பது மாதம். பங்குனி வெயிலில் தோகை சருகாகி, பூவெடுத்து, அடிக்கட்டை வெடித்து நின்றபோதும் ஒன்பது மாதம்தான். இதைக் கரும்பு சொல்லவில்லை. அரியலூரில் இருந்த வேளாண் தனிமேக மையம் சொன்னது. கரும்புக்கு வாய் கிடையாது, மையத்துக்கு உண்டு. ஆகவே மையம் சொன்னதே நின்றது.

ஆண்டிமடத்துக்குத் தெற்கே முந்திரிக்காட்டை ஒட்டி ராசாங்கத்துக்கு இரண்டு ஏக்கர் இருந்தது. போர் போட்டுத் தண்ணீர் வந்த தைரியத்தில் தை மாதம் கரணை ஊன்றினார். அவரும் மனைவி மலர்கொடியும் ஆள் வைக்காமல் தாங்களே களையெடுத்து, தோகை உரித்து, சாயாமல் விட்டம் கட்டி வளர்த்த கரும்பு. அந்தப் பக்கம் போகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அடுத்த தை பிறந்தால் வெட்டு. வீட்டுக் கூரை மாற்றுவதிலிருந்து மலர்கொடியின் முதுகுக்கு டாக்டரைப் பார்ப்பது வரை எல்லாவற்றையும் வெட்டுக்கு அப்புறம் என்று தள்ளி வைத்திருந்தார்கள்.

முன்பெல்லாம் ஆலையின் பீல்டுமேன் நடராசன் மொபெட்டில் வருவார். நாலு கரும்பை முறித்து, ஒரு சொட்டுச் சாற்றைக் கருவியில் விட்டு, கண்ணில் வைத்துப் பார்ப்பார். முத்திவிட்டது என்றால் வெட்டு உத்தரவு கொடுப்பார். உத்தரவைக் காட்டினால்தான் ஆலையின் எடைமேடை ஏறலாம். ஆலைக்குப் பதிந்த கரும்பை வேறு எங்கும் கொடுக்கவும் கூடாது. இந்த முறையில் தாமதம், ஊழல், மனிதத் தலையீடு ஆகிய மூன்று குறைகள் இருந்ததாகவும் அவற்றை ஒழித்து, வெட்டு உத்தரவை நேரே போனில் அனுப்பவே மையம் தோன்றியதாகவும் திறப்பு விழாவில் சொன்னார்கள். மூன்றில் ஒன்று ஒழிந்தது உண்மை. நடராசன் வருவது நின்றுபோனது.

மையத்தின் ஏற்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். முதலில் ஒரு கணினியை முழுசாகத் தயார் செய்வார்கள். வேண்டிய மென்பொருள், வேண்டிய விதிமுறை எல்லாம் அதன் வட்டில் ஏற்றியாகிவிடும். பிறகு அந்த வட்டை அப்படியே பிரதி எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதற்கு அச்சு என்று பெயர். அச்சு ஒன்று கையில் இருந்தால், வேண்டும்போது வேண்டிய அளவு கணினிகளை உண்டாக்கிக்கொள்ளலாம். அவை மேசைமேல் வைக்கிற கணினிகள் அல்ல. பூட்டிய குளிர் அறையில் இருக்கும் ஒரு இரும்பு அலமாரிக்குள்ளேயே பிறந்து அங்கேயே ஓடுபவை. இந்த ஏற்பாட்டுக்குத்தான் தனிமேகம் என்று பெயர். உலகத்தில் பல இடங்களில் இது ஒழுங்காக நடக்கிறது என்கிறார்கள்.

மையத்தின் இயக்குநர் பாலசுந்தரம் இதில் சொந்தமாக ஒரு புதுமை சேர்த்திருந்தார். தினமும் காலையில் அச்சிலிருந்து புதுக் கணினிகளை எழுப்புவது, மாலையில் அவற்றை அழித்துவிடுவது. பழசு இருந்தால்தானே வைரஸ் வரும் என்பது அவர் வாதம். இதற்காகவே அவருக்குத் துறையில் ஒரு கேடயம் கிடைத்திருந்தது.

கெட்டது எங்கே என்றால், அச்சு எடுத்த நேரத்தில். திறப்பு விழா ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. வந்திருந்த பெரிய மனிதருக்குக் காட்டும்போது எண்கள் மாறித் தொலைக்கக் கூடாது என்று கணினியின் தேதியை அன்றைய தினத்தோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். விவசாயிகளின் கரும்புப் பட்டியலையும் அதே வட்டில் போட்டிருந்தார்கள். விழா முடிந்ததும் பட்டியலைத் தனி வட்டுக்கு மாற்றி, தேதியை அவிழ்த்துவிட்டு, அதன் பிறகே அச்சு எடுப்பதென்று பேச்சு. ஆனால் பொன்னாடைகள் நிறைய இருந்தன. அவற்றைப் போர்த்தி முடிக்கும்போது ராகு காலம் நெருங்கிவிட்டது.

"சார், ரெண்டு வேல பாக்கி இருக்குங்க சார். தேதிய அவுத்து வுடணும். பட்டியல மாத்தணும்" என்றாள் ஒப்பந்த ஊழியை சத்யப்பிரியா.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி நேரம் ஆகுங்க சார்."

"பத்தரைக்கு ராகு காலம்மா. நல்ல காரியத்த ராகு காலத்துல செய்யச் சொல்றியா? அழுத்து."

அழுத்தினாள். அலமாரிக்குக் கற்பூரம் காட்டினார்கள். தேங்காய் உடைத்த தண்ணீர் ஒயர்மேல் படாமல் ஒருவர் குறுக்கே துண்டைப் பிடித்துக்கொண்டார். அந்த ஐப்பசி வெள்ளிக்கிழமை அச்சுக்குள் போய் உட்கார்ந்தது. ராசாங்கத்தின் ஒன்பது மாதக் கரும்பும் கூடவே போய் உட்கார்ந்தது.

தை பிறந்தது, வெட்டு உத்தரவு வரவில்லை. ராசாங்கம் இரண்டு பஸ் மாறி அரியலூர் போனார். சிமெண்ட் லாரிகள் கிளப்பிய புழுதி மையத்தின் கண்ணாடிக் கதவில் வெள்ளையாகப் படிந்திருந்தது. உள்ளே புகார் பதிகிற இடத்தில் பெயரைச் சொன்னார். சீட்டு வந்தது. புகார் எண் ஒன்று. சற்று நேரத்தில் பாலசுந்தரமே அறையிலிருந்து வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மையத்துக்கு வந்த முதல் புகார் உங்களுடையது பெரியவரே. வாழ்த்துகள். உடனே கவனிக்கிறோம்."

ராசாங்கத்துக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு வாரம் பொறுத்து மறுபடி போனார். புகார் எண் ஒன்று. இயக்குநர் வெளியே வந்து கை குலுக்கினார். முதல் புகார், வாழ்த்துகள். மூன்றாம் முறையும் அதுவே நடந்தது. நாலாம் முறை சால்வை போட்டார்கள், முதல் புகார்தாரரைக் கௌரவிப்பது என்று இடையில் ஒரு சுற்றறிக்கை வந்திருந்ததாம். பாலசுந்தரம் மறதிக்காரர் இல்லை. முகம் அவருக்குத் தெரிந்தேயிருந்தது. ஆனால் தன் ஞாபகம் வேறு, அலுவலகத்தின் ஞாபகம் வேறு என்பதில் அவர் கறார்.

"என்னம்மா இது, எத்தன தரம் வந்தாலும் மொதப் புகார்ங்கறாங்க?" என்று சத்யப்பிரியாவிடம் கேட்டார் ராசாங்கம்.

அவள் சுற்றும் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். ராகு காலக் கதையை முழுக்கச் சொன்னாள். "செங்கல் அச்சு பாத்திருப்பீங்கள்ல ஐயா? அச்சுல ஒரு பள்ளம் இருந்தா வர்ற கல்லுலல்லாம் பள்ளம் இருக்கும். ஒரு கல்ல எடுத்து நாம பூசிச் சரி பண்ணலாம். ஆனா சாயங்காலம் அந்தக் கல்ல ஒடச்சிடுறாங்க. உங்க புகாரும் அந்தக் கல்லுலதான் இருக்கு."

"அப்ப அச்ச மாத்துனா தேவலையேம்மா."

"அச்சத் தொடணும்னா சென்னைலேர்ந்து கமிட்டி உத்தரவு வரணும் ஐயா. நாங்க எழுதிட்டோம். ஒரு நாளைக்கி ஒரு புகாருக்கு மேல வந்ததில்லையே, எதுக்கு மாத்தணும்னு திருப்பிக் கேக்குறாங்க."

அவள் நல்ல பெண். அவள் வேலையும் தினசரி ஒப்பந்தம்தான், மாலையில் முடிந்து காலையில் புதிதாகத் தொடங்குவது. ஆகையால் ராசாங்கத்தின் கஷ்டம் அவளுக்கு விளக்காமலே புரிந்தது. அன்றைய கணினியில் அவர் கரும்பின் வயதைத் தானே திருத்தினாள். அவர் கண்ணெதிரே போனில் செய்தி வந்தது. தங்கள் கரும்பு முதிர்ந்துள்ளது, நாளை வெட்டி அனுப்பவும்.

ராசாங்கம் பஸ்ஸில் ஊர் வருவதற்குள் வெட்டு மேஸ்திரி அரியமுத்துக்குப் போன் செய்துவிட்டார். விடியும்போது ஆட்கள் வயலில் இறங்கினார்கள். மலர்கொடி சூரியனைப் பார்த்துக் கும்பிட்டு முதல் கரும்பை வெட்டினாள். மதியத்துக்குள் ஒரு டிராக்டர் ஏற்றியாகிவிட்டது. ராசாங்கம் பாரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆலைக்குப் போனார்.

எடைமேடைக்காரர் திரையைப் பார்த்தார். திரும்பக் கரும்பைப் பார்த்தார். "ஒன்பது மாசம்னு காட்டுதுங்களே."

"நேத்துதான் மாத்துனாங்க. செய்தி வந்துருக்கு பாருங்க."

"நேத்து மிஷினு நேத்தோட போச்சுண்ணே. இது காலையில பொறந்தது. இதுக்கு உங்கள யாருன்னே தெரியாது."

"வண்டில இருக்கறது முத்துன கரும்புன்னு உங்களுக்குத் தெரியுதுல்ல?"

"எனக்குத் தெரிஞ்சு என்னண்ணே பண்றது."

வண்டி வாசலில் மூன்று நாள் வெயிலில் நின்றது. சாறு சுண்டிப்போன கரும்பை இறக்கித் தரச் சொல்லி டிராக்டர்காரர் சண்டை பிடித்தார். திரும்பிக் கொண்டுவந்து வரப்போரம் தள்ளினார்கள். மாடுகள்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின. சத்யப்பிரியா அதற்குப் பிறகும் திருத்தினாள். செய்தியும் வந்தது. ஆனால் உத்தரவு மறுநாளுக்குத்தான் செல்லும் என்பது விதி, மறுநாள் என்பதோ அந்தக் கணினியின் ஆயுளில் கிடையாது.

மாசியில் பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு மாவட்ட விவசாயிகளையும் கூட்டி மையத்தின் சாதனை விளக்கக் கூட்டம் நடத்தினார்கள். பாலசுந்தரம் பேசினார். பேச்சில் அவரைக் குறை சொல்ல முடியாது, மனசில் இருந்ததை மறைக்காமல் சொன்னார்.

"போன வருஷம் இதே மாசத்தில் ஆலை வாசலில் எத்தனை வண்டிகள் வரிசை கட்டி நின்றன என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு டிராக்டர் கிடையாது. வரிசையை நாங்கள் ஒழித்துவிட்டோம். தவறு நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். தவறை அன்று மாலையே அழித்துவிடுகிறோம். மறுநாள் அது புதிதாக வருகிறது. பழைய தவறு என்று எங்களிடம் ஒன்றுகூடக் கிடையாது. வயலில் இருக்கும் கரும்புக்குப் பன்றி உண்டு, தீ உண்டு, திருட்டு உண்டு. எங்களிடம் இருக்கும் உங்கள் கரும்புக்கு எந்த ஆபத்தும் இல்லை. அது வைத்தது வைத்தபடி இளமையாக இருக்கிறது."

பின்வரிசையில் பொன்னம்மாள் என்றொரு அம்மாள் எழுந்தாள். திறப்பு விழா நடந்த அன்றைக்கே அவள் கரும்பு முத்தியிருந்தது. கார்த்திகையிலேயே வெட்டிக் கொடுத்துவிட்டாள். இன்னமும் தினமும் காலையில் வெட்டு உத்தரவு வருகிறது, எதை வெட்டுவது என்று கேட்டாள். அரசு உத்தரவு தொடர்ந்து கிடைப்பதற்கு அவள் சந்தோஷப்பட வேண்டும் என்று மேடையிலிருந்து பதில் வந்தது.

ராசாங்கத்தின் கைக்கும் மைக் வந்தது. அவர் சபையில் பேசிப் பழக்கமில்லாதவர். "சார், உங்ககிட்ட இருக்குற கரும்ப நீங்க வச்சிக்கிங்க சார். என் வயல்ல இருக்கறத மட்டும் வெட்டிக்க வுட்ருங்க."

பாலசுந்தரம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "நல்ல யோசனை. பதிந்துகொள்கிறோம்." உடனே கணினியில் பதிந்துகொண்டார்கள். அன்று மாலை அதுவும் போயிற்று.

பங்குனியில் ஒரு வெல்லம் காய்ச்சுகிறவர் யாருக்கும் தெரியாமல் வந்து பார்த்தார். ஒரு கரும்பை முறித்தார். உள்ளே சாறு வற்றி, பஞ்சுபோல நெட்டி விட்டிருந்தது. கடித்துப் பார்க்கக்கூட இல்லை, கீழே வைத்துவிட்டுப் பொழுது போவதைப் பற்றிப் பேசிக்கொண்டே கிளம்பிவிட்டார். அவர் ஏதாவது திட்டியிருந்தால்கூட ராசாங்கத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்கு அடுத்த வாரம் இயக்குநரே கள ஆய்வுக்கு வந்தார். இரண்டு ஜீப். கூட நடராசனையும் ஏற்றி வந்திருந்தார்கள். பாலசுந்தரம் கையிலிருந்த பலகைக் கணினியைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். கரும்புப் பூக்கள் வெள்ளை வெள்ளையாகக் காற்றில் ஆடின.

"இது என்ன நடராசன், மேலே?"

"கரும்பு பூத்துருக்குங்க சார்."

"ஒன்பது மாசத்தில் எப்படிய்யா பூக்கும்?"

"பதினாலு மாசம் ஆச்சுங்க சார்."

"யார் சொன்னது?"

நடராசன் கரும்பைப் பார்த்தார். பிறகு ஓய்வு பெற இருக்கிற வருஷத்தை நினைத்துக்கொண்டார். "சும்மா ஒரு மதிப்புத்தான் சார்" என்றார்.

பாலசுந்தரம் ராசாங்கத்தின் தோளில் கை வைத்தார். கோபமே இல்லாத மனிதர். "பெரியவரே, பயிருக்கும் பதிவுக்கும் இவ்வளவு வித்தியாசம் வரக் கூடாது. தண்ணியக் குறைச்சுப் பாருங்க. உரத்த நிறுத்துங்க. எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு, நீங்களும் கொஞ்சம் ஒத்துழைக்கணும்." ஆய்வு அறிக்கையில், பயிர் உரிய அனுமதியின்றிப் பதிவை மீறி வளர்ந்துள்ளது என்று எழுதப்பட்டது. மலர்கொடி எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சித்திரையில் ராசாங்கம் கரும்பைக் கொளுத்தினார். வேறு வழியில்லை. அப்படியே விட்டால் நிலமும் வீணாகும். சூடு தாங்காமல் தலையில் கட்டிக்கொள்ளத் துண்டு தேடினார், கொடியில் சால்வைதான் கிடந்தது. அதைக் கட்டிக்கொண்டார். காய்ந்த தோகை, ஒரு குச்சிதான் கிழித்தார், காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. இருவரும் ஊன்றிய கரணை, உரித்த தோகை, கட்டிய விட்டம் எல்லாம் படபடவென்று எரிந்தன. ராசாங்கத்துக்கு அழுகை வந்தது, அழுதார். மலர்கொடி அழவில்லை. தீ பக்கத்து முந்திரிக்குத் தாவாமல் பச்சைத் தழையால் அடித்துக்கொண்டே வரப்பில் நடந்தாள். அன்றைக்கும் மையத்தின் கணக்கில் அந்த வயலில் கரும்பு பச்சைப் பசேலென்று நின்றது.

ஆவணியில் மழை விழுந்தது. கடனுக்கு விதை வாங்கி மக்காச்சோளம் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். ராசாங்கம் குழி போட, மலர்கொடி பின்னாலேயே விதை போட்டு வந்தாள். போன் அடித்தது. சத்யப்பிரியா.

"ஐயா, நல்ல சேதி. கமிட்டி உத்தரவு வந்துடுச்சு. பழைய அச்சத் தூக்கிட்டுப் புது அச்சு எடுத்தாச்சு. இந்தத் தடவ நல்ல நாள் பாத்து, ராகு காலத்துக்கு ரொம்ப முன்னாடியே எடுத்துட்டாங்க."

"அப்படியாம்மா."

"பட்டியலத் திருத்த ஒரு மணி நேரம் குடுத்தாங்க ஐயா. நான் மொத வேலையா உங்க பேரத்தான் எடுத்தேன். ஏக்கர், ரகம், வயசு எல்லாம் கையாலயே சரி பண்ணி, முத்துன கரும்புன்னு போட்டு, வெட்டு உத்தரவும் ஏத்திட்டேன். அச்சுக்குள்ளயே போயிடுச்சு. இனிமே யாராலயும் அழிக்க முடியாது ஐயா."

அவள் குரலில் அத்தனை சந்தோஷம். அந்த மையத்தில் அவருக்காக மெனக்கெட்ட ஒரே ஜீவன் அது. கரியும் சாம்பலும் கலந்த மண் ராசாங்கத்தின் காலில் ஒட்டியிருந்தது. கரும்பு எரிந்துபோனதை அவளிடம் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"தேதிய அவுத்து வுட்டாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"அதுக்குத் தனி உத்தரவு வரணுமாம் ஐயா. அது வரும்போது பாத்துக்கலாம். உங்க வேல முடிஞ்சிச்சுல்ல."

"நல்லதும்மா. நல்லாருப்ப."

மறுநாள் காலையில் வெட்டு உத்தரவு வந்தது. மாலையில், உத்தரவு பெற்றும் கரும்பு அனுப்பாததால் தங்கள் பதிவு ரத்து செய்யப்படுகிறது என்று வந்தது. அடுத்த நாள் காலையில் பதிவு திரும்ப உயிர் பெற்று உத்தரவு வந்தது, மாலையில் ரத்தானது. மக்காச்சோளத்தைப் பதியலாம் என்று கிராம அலுவலகத்துக்குப் போனார். பதிந்தால்தான் நாளைக்கு மழையோ புழுவோ அழித்தால் ஏதாவது கிடைக்கும். அங்கேயும் இப்போது தனிமேகம் வந்திருந்தது. கரும்பு நிற்கிற நிலத்தில் சோளம் பதிய முடியாது, கரும்பை வெட்டிவிட்டு வாருங்கள் என்றார்கள். புகார் சொல்ல அரியலூருக்கு அவர் போகவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு சால்வை இருந்தது.

ஒரு காலையில், முளைக்காமல் போன குழிகளில் இருவரும் மறுபடி விதை ஊன்றிக்கொண்டிருந்தார்கள். மலர்கொடி முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் சட்டைப் பையில் போன் ஒலித்தது.

"என்னவாங்க?"

ராசாங்கம் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"கரும்பு நல்லா முத்தியிருக்காம். காயவுடாம வெட்டச் சொல்றாங்க."

மலர்கொடி மடியிலிருந்து இரண்டு விதையை எடுத்து, குனிந்து, அடுத்த குழியில் போட்டு மூடினாள்.